புரோப்ரனலால் உட்கன்ன மாத்திரை: நன்றாக ஒட்டுகிறது, ஆனால் மருந்து எங்கே போகிறது?

புதுவை மாணவி

வணக்கம். புதுச்சேரியில் மருந்தாக்கவியல் முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். கன்னத்தின் உட்புறச் சளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு மெல்ல மருந்தை வெளிவிடும் மாத்திரையை உருவாக்குவது என் ஆய்வேட்டின் பொருள். இரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் புரோப்ரனலாலை விழுங்கினால், அதில் ஏறக்குறையக் கால் பங்கே கல்லீரலின் சிதைவைத் தாண்டி இரத்த ஓட்டத்தை அடைகிறது. கன்னத்திலிருந்து வடியும் இரத்தம் கழுத்துச் சிரை வழியாக நேரே இதயத்துக்குப் போவதால் அந்த இழப்பு இராது என்பதே இம்மருந்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம் புரோப்ரனலால் ஹைட்ரோகுளோரைடு, ஒட்டுவதற்குக் கார்போபால் 934பி, எச்பிஎம்சி கே4எம் என்னும், நீரில் ஊறிக் கூழாகும் இரு பாலிமர்கள், இடம் நிரப்ப மானிட்டால், கடைசியில் தூள் கருவியில் ஒட்டாதிருக்கச் சிறிது மெக்னீசியம் ஸ்டியரேட் என்று கலந்து, 8 மில்லிமீட்டர் தட்டைப் பஞ்ச்சில் (தூளை அழுத்தும் உலோகத் தண்டு) நேரடி அழுத்த முறையில் அடிக்கிறேன். எடை வேறுபாடு, கடினத்தன்மை, உதிர்வு ஆகிய மூன்றிலும் சிக்கல் இல்லை. ஒட்டும் வலிமையை அளப்பதற்குப் பழைய தராசின் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, அங்கே மாத்திரையைத் தொங்கவிட்டு, கீழே கட்டிவைத்த ஆட்டுக் கன்னத் துண்டில் அதை ஒட்டி, மறுதட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறேன். மாத்திரை பிய்ந்து வரும்போதுள்ள தண்ணீரின் எடையே கணக்கு. கார்போபாலைக் கூட்டக் கூட்ட இந்த எடை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் மருந்து வெளியேறும் வேகம் குறைந்து, எட்டு மணி நேரத்துக்குப் பின்னும் மாத்திரைக்குள் மிச்சம் நிற்கிறது. மேற்பரப்பின் பிஹெச் (எண் குறைந்தால் அமிலத்தன்மை கூடியது என்று பொருள்) 5-க்குக் கீழே இறங்குகிறது.

எல்லாவற்றிலும் அதிகமாக ஒட்டும் கலவையையே சிறந்தது என்று ஆய்வேட்டில் எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொன்று, ஐப்பசி பிறந்ததிலிருந்து கலவை பஞ்ச்சில் ஒட்டிக்கொண்டு மாத்திரையின் முகம் பிய்ந்து வருகிறது. அனுபவமுள்ளவர்கள் இரண்டுக்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

சிப்காட் ஓய்வாளர்

மழைக்காலத் தொல்லைக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கடலூர் சிப்காட்டிலும் பின்னர் புதுவையிலும் மருந்து உற்பத்தியில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் கரையோரத்தில் ஈரப்பதமானி எண்பதுக்குக் கீழே இறங்குவதே அரிது. கார்போபாலோ காற்றிலுள்ள ஈரத்தைத் தேடிப் பிடித்துக் குடிக்கும் தூள். டப்பாவைத் திறந்து எடை போட்டு முடிப்பதற்குள்ளேயே அது கட்டிதட்டத் தொடங்கிவிடும். இத்தகைய கலவைகளை ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்கு மிகாத அறையில் கையாள்வதுதான் எங்கள் வழக்கம். கல்லூரியில் அந்த வசதி இராது. ஏசி அறையில் ஈரநீக்கி ஒன்றை ஓடவிட்டு, வேண்டிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, டப்பாவைச் சிலிக்கா ஜெல் பையுடன் உடனே மூடிவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பஞ்ச்சின் முகத்தைத் துடைத்து, அது முழுவதும் உலர்ந்த பிறகே அடுத்த மாத்திரையை அடியுங்கள்.

ஒட்டுகிறதே என்று மெக்னீசியம் ஸ்டியரேட்டைக் கூட்டிவிட வேண்டாம். அது நீரை விலக்கும் பொருள். கடைசியில் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் கலந்தால் போதும். அதற்கு மேல் கலந்தால் துகள் ஒவ்வொன்றின் மேலும் கொழுப்புப் படலம் படிந்து, பாலிமர் நனைவதையே தடுத்துவிடும். அதற்குப் பதிலாகச் சோடியம் ஸ்டியரில் ஃபியூமரேட் கிடைத்தால் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். நீரோடு அதற்கு அவ்வளவு பகை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்போபால் 934பி பென்சீனில் தயாரிக்கப்படுவது. மருந்துகளில் எஞ்சலாம் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் பென்சீனுக்கு விதித்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 2 பங்குதான். பென்சீனில் தயாரித்த கார்போமர்களை மாற்றுவது எப்படி என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. ஆய்வேடுகளில் மட்டும் இன்னும் 934பி-யை விட்டபாடில்லை, ஏனெனில் பழைய ஆய்வேட்டைப் பார்த்துத்தான் புதிய ஆய்வேடு எழுதப்படுகிறது. எத்தில் அசிட்டேட்டில் தயாராகும் 974பி-க்கு மாறிவிடுங்கள்.

முதல் கேள்விக்கு என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒட்டும் வலிமைக்கு முதலிடம் கொடுக்கச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகக்கூடிய மாத்திரையை எந்த நிறுவனமும் வெளியே அனுப்பத் துணியாது.

சிதம்பரம் ஆசிரியர்

ஓய்வாளர் ஐயாவின் உற்பத்தி அறிவுரைகளை அப்படியே ஏற்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க முடியவில்லை.

தராசில் அளப்பது பிய்த்தெடுக்கும் கணத்தின் விசை. வாயில் நமக்கு வேண்டியது மாத்திரை அங்கே தங்கும் நேரம். இரண்டும் ஒன்றல்ல. கார்போபாலின் கார்பாக்சில் தொகுதிகள் சளியிலுள்ள மியூசின் என்ற புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்குகின்றன. நனைந்து விரிந்த பாலிமர் இழைகள் சளிக்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. முதல் அரை மணி நேரத்தில் இந்தப் பிடி உச்சத்தில் இருக்கும். பிறகு மாத்திரை தொடர்ந்து நீரைக் குடித்து, ஊறிய சப்ஜா விதையைப் போல வழவழப்பான கூழாகிவிட்டால், மாத்திரைக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள பிடி விடுவதற்கு முன்பே அந்தக் கூழ் நடுவில் அறுந்து வழுக்கிப் போகும். ஆகவே தராசில் முதலிடம் பெற்ற கலவை வாயில் சீக்கிரமே கழன்று விழவும் கூடும். எச்பிஎம்சியின் பங்கு இங்கேதான் வருகிறது: அது குறைவாக ஒட்டினாலும் கூழுக்குக் கட்டுக்கோப்பைத் தருகிறது.

அடுத்தது, மருந்து ஏன் வெளியே வரவில்லை என்பது. புரோப்ரனலால் நேர்மின்னூட்டம் கொண்ட காரம். அயனியான கார்போபால் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் சேர்ந்தால் கரைய மறுக்கும் ஒரு கூட்டுப்பொருள் உண்டாகிறது. கார்போபாலைக் கூட்டும்போதெல்லாம் மருந்தைக் கட்டிப்போடும் கயிற்றையும் கூட்டுகிறீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பிஹெச்சில் இருக்கிறது. புரோப்ரனலாலின் பிகேஏ, அதாவது அதன் மூலக்கூறுகளில் பாதி மின்னூட்டத்தோடு இருக்கும் பிஹெச், 9.5-ஐ ஒட்டியது. பிஹெச் 6.8-இல் ஐந்நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். கொழுப்புச் சவ்வுகளை எளிதாகக் கடப்பது அந்த ஒன்றுதான். மேற்பரப்பு பிஹெச் 5-க்கு வந்துவிட்டால் இந்தக் கணக்கு முப்பதாயிரத்துக்கு ஒன்று என்று ஆகிவிடும். மாறாக 7.8-க்கு ஏற்றினால் ஐம்பதுக்கு ஒன்று. எனவே கார்போபால் உங்களுக்குத் தருவது ஒட்டுதலை, எடுத்துக்கொள்வது ஊடுருவலை.

கடும் வலிக்கான ஃபென்டனில் உட்கன்ன மாத்திரையான ஃபென்டோராவை எடுத்துப் பாருங்கள். 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அந்த மாத்திரைக்குள் நுரைக்கும் உப்புகள் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு எழும்போது முதலில் பிஹெச் இறங்கி மருந்து கரைகிறது, வாயு வெளியேறியதும் பிஹெச் ஏறி மருந்து சவ்வைக் கடக்கிறது. இவ்வளவு நுட்பமாகச் செய்தும் கொடுத்த அளவில் ஏறக்குறையப் பாதிதான் வாயின் சவ்வு வழியாக உறிஞ்சப்படுகிறது. மீதி எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போகிறது.

அங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. 900 மில்லிலிட்டர் பஃபரில் (பிஹெச் மாறாத கரைசல்) துடுப்பைச் சுழலவிட்டு எட்டு மணி நேரம் மாதிரி எடுக்கிறீர்கள். வாயில் எந்நேரமும் இருக்கும் எச்சிலின் அளவு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். முகவைக்குள் வெளியேறிய மருந்து எந்தப் பக்கம் போயிற்று என்று அந்தச் சோதனை சொல்லாது. பின்புறத்தை மூடாத உங்கள் மாத்திரையில் பெரும்பகுதி எச்சிலில் கலந்து வயிற்றுக்குப் போகும். வயிற்றுக்குப் போனால் கல்லீரல் அதைப் பார்த்துக்கொள்ளும். எந்தக் கலவை சிறந்தது என்பதைச் சவ்வைக் கடந்த மருந்தின் அளவு தீர்மானிக்க வேண்டும், தராசு அல்ல.

இன்னொன்று. வெளியேற்றத் தரவுகளை நாலைந்து சமன்பாடுகளில் போட்டு, ஆர் வர்க்கம் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு) எதில் அதிகமோ அதை இயங்குமுறை என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. அவற்றில் ஒன்றான, நேரத்தின் அடுக்காக ‘என்’ வரும் கோர்ஸ்மேயர்–பெப்பாஸ் சமன்பாடு முதல் 60 சதவீத வெளியேற்றத்துக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு மேலுள்ள புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்டுவிட்டு ‘என்’ மதிப்பைப் பற்றி இரண்டு பக்கம் விளக்கம் எழுத வேண்டாம்.

மஞ்சக்குப்பம் மருந்துக்கடை

படித்தவர்கள் பேசும் இடத்தில் கடைக்காரன் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கேள்வி ஒன்றுதான்: இந்த மாத்திரை யாருக்காக?

புரோப்ரனலால் மலிவான மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் மாதக்கணக்கில் வாங்கிப் போகிறவர்கள் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். கல்லீரலில் முக்கால் பங்கு போய்விடுகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதையும் கணக்கில் கொண்டுதானே 40 மில்லிகிராம் என்று அளவு வைத்திருக்கிறார்கள்? அவர்களை நாள்தோறும் பல மணி நேரம் கன்னத்தில் ஒரு மாத்திரையை அதக்கிக்கொண்டு இருக்கச் சொன்னால் இரண்டாம் நாளே பழைய மாத்திரையைத் திருப்பிக் கேட்பார்கள்.

வாய்க்குள் வைக்கும் மாத்திரைகளை மக்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்க்கிறவன். நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய, நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட்டைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, வலி நிற்கவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. உறையில் தமிழில் எழுதித் தந்தாலும், மாத்திரை என்றால் விழுங்குவது என்ற பழக்கம் விடுவதில்லை. ஒட்டும் மாத்திரையை மென்றுவிடுவார்கள்; சூடாகக் காபி குடிப்பார்கள்; எந்தப் பக்கம் ஒட்டுவது என்று தெரியாமல் திருப்பி வைப்பார்கள்.

விழுங்க முடியாதவர்களுக்குச் செய்யுங்கள், பயன் இருக்கும். ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கு வாந்தி நிறுத்தும் மாத்திரை வயிற்றில் தங்குவதில்லை. இங்கிலாந்தில் புரோகுளோர்பெரசின் 3 மில்லிகிராம் உட்கன்ன மாத்திரையாகவே விற்கிறது என்று படித்திருக்கிறேன். அங்கே ஒரு தேவை இருக்கிறது.

முத்தியால்பேட்டை பல்மருத்துவர்

மருந்துக்கடை நண்பர் கேட்டது இந்த இழையின் முக்கியமான கேள்வி. அதற்கு வாயின் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஆய்வேடுகளில் உட்கன்னம் என்பது ஒரே சீரான, வழுவழுப்பான பரப்பாகவே வரும். வாயைத் திறந்து பார்த்தால் அப்படி இருக்காது. மேல் தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு நேர் எதிரே கன்னத்தில் ஒரு சிறு மொட்டு தெரியும். பரோட்டிட் எச்சில் சுரப்பியின் குழாய் திறக்கும் வாய் அது. பஞ்சால் துடைத்துவிட்டு நாக்கில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விட்டால் அங்கிருந்து எச்சில் ஊறி வழிவதைக் கண்ணாலேயே காணலாம். மாத்திரையை அதற்கு அருகில் ஒட்டினால் எவ்வளவு கார்போபால் போட்டாலும் கழுவிக்கொண்டு போய்விடும். பற்கள் கூடும் மட்டத்தில் ஒட்டினால் கடிபடும். வாயின் பூஞ்சைத் தொற்றுக்கான மைக்கோனசோல் ஒட்டும் மாத்திரையைக் கோரைப்பல்லுக்கு மேலேயுள்ள ஈறில் வைத்து, உதட்டின் மேல் விரலால் முப்பது விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அந்த இடத்தில் அசைவும் குறைவு, எச்சில் ஓட்டமும் குறைவு. ஆனால் ஈறு கெரட்டின் என்ற கடினப் புரதம் படிந்த தடித்த பரப்பு. வாய்க்குள்ளேயே வேலை செய்யும் மைக்கோனசோலுக்கு அது தடையில்லை; இரத்தத்துக்குப் போக வேண்டிய மருந்துக்குத் தடைதான்.

அடுத்தது நம் ஊர் வாய். வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறவர்களும் என்னிடம் வருகிறவர்களில் குறைவில்லை. பாக்கினால் வரும் சப்மியூகஸ் ஃபைப்ரோஸிஸில் கன்னம் வெளிறி, விரலால் தடவினால் பட்டை பட்டையாக நார் தட்டுப்படும்; அடியிலுள்ள இரத்தக் குழாய்களும் குறைந்துவிடும். சுண்ணாம்பு பட்டுப் புண்ணான கன்னத்திலோ மருந்து தாறுமாறாக உள்ளே போகலாம். ஒரே மாத்திரை இந்த இருவருக்கும் ஒரே அளவு மருந்தைக் கொடுக்கும் என்று நம்ப எனக்கு வழியில்லை. மக்களிடையே சோதிக்கும் கட்டம் வந்தால் இவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வறண்ட வாய்க்காரர்களையும் மறக்க வேண்டாம். இந்தப் பாலிமர்கள் ஒட்டுவதற்கு நீர் வேண்டும். முதியவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளில் பலருக்கும் அந்த நீர் எச்சிலிலிருந்து கிடைக்காது. கிடைக்காதபோது மாத்திரை சவ்விலிருந்தே ஈரத்தை உறிஞ்சி எரிச்சலை உண்டாக்கும்.

புரோப்ரனலாலைப் பற்றித் தனியாக ஒன்று: அதற்கு மரத்துப்போகச் செய்யும் தன்மை உண்டு. மரத்த கன்னத்தோடு சாப்பிட உட்காருகிறவர் தன் கன்னத்தையே கடித்துக்கொள்வார். கசப்பு வேறு இருக்கிறது. கசப்பு எச்சிலை ஊற வைக்கும்.

என்னைக் கேட்டால், இந்த நுட்பத்துக்கு ஏற்ற களம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. வாய்ப்புண்ணுக்கு இங்கே டிரையம்சினலோன் பசையைத் தடவச் சொல்கிறோம். நாக்கு பட்டதும் பாதி போய்விடுகிறது. ஜப்பானில் 1980-களிலேயே அதே மருந்தை 25 மைக்ரோகிராம் அளவில், ஹைட்ராக்ஸி புரோப்பைல் செல்லுலோஸையும் கார்போபாலையும் கொண்டு, இரண்டடுக்கு ஒட்டும் மாத்திரையாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே மருந்து சவ்வைக் கடந்து இரத்தத்துக்குப் போக வேண்டிய கட்டாயமே இல்லை.

சிப்காட் ஓய்வாளர்

கூழ் அறுந்து வழுக்கும் என்று ஆசிரியர் சொன்னது சரிதான், ஆனால் அதிலிருந்து ஒட்டும் வலிமை வேண்டாம் என்ற முடிவு வராது. குறைந்தபட்ச வலிமை ஒன்றை எல்லையாக வைத்துக்கொண்டு, அந்த எல்லையைத் தாண்டிய கலவைகளுக்குள் ஊடுருவலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் சொல்வது. ஊடுருவல் நன்றாக இருக்கிறதென்று ஒட்டாத மாத்திரையைத் தேர்ந்துவிட்டால் உழைப்பு அத்தனையும் வீண்.

மருந்துக்கடை நண்பருக்கு ஒரு செய்தி. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்தாக இருந்தாலும் அதைச் செலுத்தும் வழியையோ மருந்தின் வடிவத்தையோ மாற்றினால் அது புதிய மருந்தாகவே கருதப்படும். ஆகவே தேவை இல்லாத மாத்திரையைச் செலவழித்துச் சந்தைக்குக் கொண்டுவர யாரும் முன்வர மாட்டார்கள். நீங்கள் கேட்ட கேள்வியை நிறுவனத்திலும் கேட்பார்கள்.

புதுவை மாணவி

எல்லாருக்கும் நன்றி. ஆய்வுத் திட்டம் ஏற்கெனவே ஒப்புதலாகிவிட்டதால் மருந்தை மாற்ற இயலாது. கார்போபால் 974பி-யைக் குறைத்து எச்பிஎம்சியைக் கூட்டி, பின்புறத்தை எத்தில் செல்லுலோஸால் மூடிப் பார்க்க எண்ணியிருக்கிறேன். மூன்று ஐயங்கள் உள்ளன. பின்னடுக்கைத் தனியாகக் கழன்று வராமல் எப்படி அடிப்பது? ஆட்டின் கன்னம் போதுமா, பன்றியின் கன்னம்தான் வேண்டுமா? விழுங்கப்படும் பங்கை ஆய்வகத்தில் காட்ட வழி உண்டா?

சிப்காட் ஓய்வாளர்

முதல் அடுக்கை முழு அழுத்தத்தில் அடித்துவிட்டு அதன் மேல் எத்தில் செல்லுலோஸைப் போட்டால் இரண்டும் கண்ணாடித் தகடுகளைப் போல விலகி வந்துவிடும். மருந்துக் கலவையை அச்சுக் குழியான டையில் போட்டு, மேற்பஞ்ச்சை லேசாக இறக்கி, பரப்பைச் சமன்படுத்தும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். மேற்பஞ்ச்சைத் தூக்கி, 50 மில்லிகிராம் அளவில் எத்தில் செல்லுலோஸைப் பரப்பி, அதன் பிறகு முழு அழுத்தம் கொடுங்கள். இரண்டு அடுக்கின் எல்லையும் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். உதிர்வுச் சோதனையை இதில் மீண்டும் செய்ய வேண்டும். விளிம்பில் பிளவு இருந்தால் அங்கேதான் தெரியும். பின்னடுக்கில் மருந்துகளுக்கு அனுமதிக்கப்பட்ட நிறமி ஒன்றைச் சேர்த்துவிட்டால், எந்தப் பக்கம் ஒட்டுவது என்ற கடைக்காரரின் கவலையும் பாதி தீரும்.

சிதம்பரம் ஆசிரியர்

பன்றியின் உட்கன்னம் கெரட்டின் இல்லாதது. கட்டமைப்பிலும் ஊடுருவலிலும் மனிதக் கன்னத்துக்கு நெருக்கமானது. புதுவையில் பன்றி இறைச்சிக் கடைகள் உண்டு, விடியற்காலையில் போனால் கிடைக்கும். ஆடுதான் கிடைக்கிறது என்றால் இடத்தைப் பார்த்து வெட்டுங்கள். ஆட்டின் வாயோரத்திலிருந்து உள்நோக்கி, கூம்பு வடிவ முட்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் மாத்திரை தட்டையாகப் படியவே படியாது; முட்கள் இல்லாத பகுதியைத் தேடி எடுங்கள். அடியிலுள்ள கொழுப்பையும் தசையையும் நீக்கிவிட்டு, 60 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் மேற்படலம் தனியாக உரிந்து வரும். குளிர்ந்த பஃபரில் கொண்டுவந்து அன்றே பயன்படுத்துங்கள். உறைபெட்டியில் வைத்து மறுவாரம் எடுத்த துண்டில் வரும் ஊடுருவல் எண்ணை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு விலங்கின் கன்னமும் வேறுபடும் என்பதால், ஒரு கலவைக்கு ஒரே விலங்கின் துண்டுகளை மட்டும் வைத்து ஓட்ட வேண்டாம்.

மூன்றாவது ஐயத்துக்கு வருகிறேன். நடுவில் சவ்வை வைத்து மேலறை, கீழறை என்று பிரித்த ஃபிரான்ஸ் செல்லில் சவ்வின் மேல் மாத்திரையை ஒட்டி, மேலறையில் நிலையான பஃபரை ஊற்றி வைப்பதற்குப் பதிலாக, செயற்கை எச்சிலை நிமிடத்துக்கு 0.3 முதல் 0.5 மில்லிலிட்டர் வேகத்தில் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் சேகரியுங்கள். ஓய்வாக இருக்கும் வாயின் எச்சில் சுரப்பு ஏறக்குறைய அந்த அளவுதான். எட்டு மணி நேரத்தின் முடிவில் மருந்தை நான்கு இடங்களில் தேடுங்கள்: சேகரித்த எச்சிலில், கீழறையில், சவ்வுத் துண்டுக்குள், மிஞ்சிய மாத்திரையில். நான்கையும் கூட்டினால் 10 மில்லிகிராமுக்கு அருகில் வர வேண்டும். பின்னடுக்கு உள்ள மாத்திரையையும் இல்லாத மாத்திரையையும் அருகருகே ஓட்டினால், எச்சிலில் போகும் பங்கு எவ்வளவு குறைகிறது என்பது நேரடியாகத் தெரியும். மருந்தை மாற்ற முடியாவிட்டாலும் இந்த ஒப்பீடு ஆய்வேட்டுக்கு எடை சேர்க்கும். புரோப்ரனலாலை ஒரு மாதிரி மருந்தாகவே எடுத்துக்கொண்டேன் என்று முன்னுரையிலேயே எழுதிவிடுங்கள்.

அளக்கும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். புரோப்ரனலாலை 290 நானோமீட்டர் புறஊதா ஒளியில் (யுவி) அளப்பீர்கள். புதிய சவ்வுத் துண்டிலிருந்து கசியும் புரதங்கள் 280-ஐ ஒட்டி ஒளியை உறிஞ்சும். அந்த உறிஞ்சலும் மருந்தின் கணக்கில் சேர்ந்து, ஊடுருவல் அமோகமாக இருப்பதுபோல் காட்டும். மருந்தில்லாத மாத்திரையை ஒட்டிய செல் ஒன்றை ஒவ்வொரு முறையும் உடன் ஓட்டி அதன் அளவைக் கழித்துவிடுங்கள். கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி கிடைக்குமானால் கீழறை மாதிரிகளையாவது அதில் பாருங்கள். எச்சில் மாதிரிகளில் மருந்து நிறைய இருக்கும் என்பதால் அவற்றுக்கு யுவி போதும்.